இன்னும் ஒரு ஆள்

சினிமாவுக்கும் எனக்கும் என்றைக்குமே ஏழாம் பொருத்தம். என் மனைவி இருந்தவரை அவளும் மகளும்தான் படத்துக்குப் போவார்கள். கொண்டுபோய்த் தியேட்டர் வாசலில் இறக்கிவிடுவதும், படம் விட்டதும் போய்க் கூட்டிவருவதும் என் வேலை. திரும்பி வரும் வழி முழுக்க இரண்டு பேரும் ஸ்கூட்டரில் எனக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு, பார்த்த படத்தையே இன்னொரு தரம் ஓட்டுவார்கள். வசனத்தைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். “ரோட்டப் பாத்து ஓட்டவா, ஒங்க கூத்தக் கேக்கவா?” என்று எரிந்து விழுவேன். அதற்கும் சேர்த்துச் சிரிப்பார்கள்.

அப்படிப்பட்ட நான், அறுபது வயதைத் தாண்டியபிறகு, ஒரு வியாழக்கிழமை மத்தியானம் புதுக்கோட்டையில் ஒரு தியேட்டர் வாசலில் படம் போடுவார்களா மாட்டார்களா என்று தவித்துக்கொண்டு நின்றேன். ஏன் நின்றேன் என்று சொல்ல, எங்கள் வீட்டுப் போன் பேச்சிலிருந்து தொடங்க வேண்டும்.

மகள் புனேயில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறாள். என்ன வேலை என்று பொறுமையாக விளக்கியிருக்கிறாள். நானும் பொறுமையாகத் தலையாட்டியிருக்கிறேன். என் மனைவி இருந்தவரை அவள் போன் செய்ததெல்லாம் அம்மாவுக்குத்தான். அம்மாவும் மகளும் மணிக்கணக்கில் பேசுவார்கள். எனக்கு வந்து சேர்ந்தது செய்திச் சுருக்கம். “ஒங்க மகளுக்குச் சளி பிடிச்சிருக்காம்.” “ஒங்க மகளுக்கு ஆபீஸ்ல பரிசு குடுத்திருக்காகளாம்.” எப்போதாவது, “இந்தாங்க, நீங்களும் பேசுங்க” என்று போனை என்னிடம் நீட்டுவாள். நான் சாப்பிட்டியா என்பேன். சாப்பிட்டேன் என்பாள். என்ன கொழம்பு என்பேன். சொல்வாள். அங்க மழையா என்பேன். அதற்கும் பதில் வரும். அதற்குமேல் எனக்கு ஒன்றும் ஓடாது. “இந்தா, அம்மாட்ட குடுக்கிறேன்” என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பேப்பரை எடுத்துக்கொள்வேன்.

மனைவி போய் இரண்டு வருஷம் ஆகப்போகிறது. இப்போது மகள் எனக்குத்தான் போன் செய்கிறாள், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். குறை சொல்லக் கூடாது. ஆனால் என் மூன்று கேள்வியும் முடிந்துபோனால் அப்புறம் எங்களுக்குப் பேச ஒன்றுமில்லை. அவள் மாத்திரை போட்டீங்களா என்பாள், போட்டேன் என்பேன். எப்புடி இருக்கீங்க என்பாள். “எனக்கென்ன, ராசா மாதிரி இருக்கேன்” என்பேன். பிறகு அவள் மூச்சு விடுவது எனக்குக் கேட்கும், நான் விடுவது அவளுக்குக் கேட்டிருக்கும். “சரிப்பா, வச்சிரட்டா?” “வச்சிரும்மா.” வைத்த பிறகு அந்தச் சாயங்காலம் முழுசாக மிச்சமிருக்கும். டிவியைப் போடுவேன், நிறுத்துவேன். கொடியில் காயும் ஒற்றை வேட்டியை எடுத்து மடிப்பேன்.

போன மழைக்காலத்தில் ஒரு ஞாயிறு போனே வரவில்லை. மறுநாள், வேலை அதிகம் என்று குறுஞ்செய்தி வந்தது. அதற்கடுத்த வாரம் பேச்சு சீக்கிரமே முடிந்தது. எனக்குப் பயம் வந்துவிட்டது. கயிறு நைவது கண்ணுக்குத் தெரிகிறது, எப்படி முடிச்சுப் போடுவது என்றுதான் தெரியவில்லை. என் சொந்தப் பிள்ளையிடம் என்ன பேசுவது என்று யாரிடம் போய்க் கேட்பேன்?

அந்த நேரத்தில்தான் ஒரு ஞாயிறு அவளாகவே சொன்னாள். “அப்பா, ஒரு படம் வந்திருக்கு. சிரிப்புப் படம். நான் ரெண்டு தடவ பாத்துட்டேன். நம்ம ஊர்லயும் ஓடுது. நீங்க போய்ப் பாருங்க.”

“நானா?”

“நீங்கதான். பாத்துட்டு வாங்க, அடுத்த வாரம் அதப் பத்திப் பேசுவோம்.”

பேசுவோம் என்று அவள் சொன்னது எனக்குக் கல்யாணப் பத்திரிகை வைத்துக் கூப்பிட்டது போல இருந்தது. ஆனாலும் என் சுபாவம் விடவில்லை. திங்கட்கிழமை போகலாம் என்று நினைத்தேன், சட்டை தேய்க்கவில்லை. செவ்வாய்க்கிழமை கிளம்பி வாசல்வரை வந்தேன், பக்கத்து வீட்டு அம்மா “எங்க கிளம்பிட்டீங்க?” என்று கேட்டதும், சினிமாவுக்கு என்று சொல்ல வெட்கப்பட்டுக் கடைத்தெருவுக்குப் போய் இரண்டு எலுமிச்சம்பழம் வாங்கிக்கொண்டு திரும்பினேன். புதன்கிழமை மழை. வியாழக்கிழமை காலையில் பேப்பரில் பார்த்தால், படத்துக்கு அன்றோடு சரி. வெள்ளிக்கிழமை வேறு படம் மாறுகிறது. அடித்துப் பிடித்துக்கொண்டு மத்தியானக் காட்சிக்குப் போய்ச் சேர்ந்தேன்.

வண்டி நிறுத்தும் இடம் காலியாகக் கிடந்தது. டிக்கெட் கவுண்டருக்குள் இருந்தவர் போனில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஒரு டிக்கெட்.”

அவர் நிமிர்ந்தார். “ஒரு ஆளுதானா சார்?”

“ஏன், ஒரு ஆளு பாக்கக் கூடாதா?”

“அதுக்கில்ல சார். ஏழு பேராச்சும் சேந்தாத்தான் படம் போடுவோம். இல்லன்னா கரண்டு காசுக்கே கட்டாது. கொஞ்சம் அங்கிட்டு நில்லுங்க, ஆளு சேருதான்னு பாப்போம்.”

எனக்கு இது தெரியாது. சினிமா என்றால் முண்டியடித்து டிக்கெட் எடுப்பார்கள் என்றுதான் கேள்விப்பட்டிருக்கிறேன். ஆள் சேர்ந்தால்தான் கிளம்புவதற்கு இது என்ன ஷேர் ஆட்டோவா? ஆனால் அங்கே நின்ற மற்றவர்கள் யாரும் கோபப்பட்டதாகத் தெரியவில்லை. ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் மூன்று பெண்கள், அன்றைக்கு அவர்களுக்கு லீவு போலிருக்கிறது, படிக்கட்டில் உட்கார்ந்து வேர்க்கடலை கொறித்தார்கள். ஒரு கல்லூரி ஜோடி. அந்தப் பெண் துப்பட்டாவை முகத்தில் சுற்றியிருந்தாள். என்னோடு சேர்த்து ஆறு. எல்லோரும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தோம். படம் தொடங்க வேண்டிய நேரம் தாண்டிவிட்டது.

நான் மறுபடியும் கவுண்டருக்குப் போனேன். “நானே ரெண்டு டிக்கெட் எடுத்துக்கிறேன். கணக்கு சரியாப் போச்சுல்ல?”

“ஐயோ, வேணாம் சார். மொதலாளி வீட்ல இருந்துக்கிட்டே கேமராவுல தலைய எண்ணுவாரு. போன மாசம் ஒருத்தரு இப்புடித்தான் சேத்து எடுத்தாரு. மிச்ச ஆள எங்கடா ஒளிச்சு வச்சிருக்கன்னு மொதலாளி என்னயப் பிடிச்சுக்கிட்டாரு. இன்னும் ஒரு ஆளு சார், ஒரே ஒரு ஆளு. தெரிஞ்சவங்க யாரையாச்சும் வரச்சொல்லுங்களேன்.”

தெரிஞ்சவங்க. நான் இந்த ஊரில்தான் வேலைக்குச் சேர்ந்தேன், கல்யாணம் செய்தேன், வீடு கட்டினேன், ஓய்வு பெற்றேன். ஒரு ஆள் கிடைக்காமலா போய்விடும்? நிழலில் ஒதுங்கி நின்று போனை எடுத்துப் பெயர்களைத் தள்ளிக்கொண்டே வந்தேன். கேஸ் சிலிண்டர். பிளம்பர். ரத்தப் பரிசோதனை. இன்னொரு பிளம்பர். கூட வேலை பார்த்த ஒருவரைக் கூப்பிட்டேன், மணி அடித்து நின்றுபோனது. தினமும் காலையில் புதுக்குளத்துக் கரையில் ஒருவரோடு நடக்கிறேன். சர்க்கரை, ரத்த அழுத்தம், மருமகள் என்று எல்லாம் பேசுவார். அவர் நம்பர் என்னிடம் இல்லை. பெயர்கூட நான் கேட்டதில்லை.

மிச்சம் இருந்தது மனைவியின் தம்பி. கந்தர்வக்கோட்டையில் முந்திரித் தோப்பு வைத்திருக்கிறான். அங்கிருந்து வந்து சேர நேரம் ஆகும், ஆனாலும் ஒருவேளை டவுனுக்கு வந்திருந்தால் என்று அடித்தேன்.

“எங்க இருக்க மாப்ள?”

“தோப்புலதான் அத்தான். என்ன திடீர்னு?”

“ஒண்ணுமில்ல. ஒரு படம் பாக்கலாம்னு வந்தேன். நீ டவுன்ல இருந்தா வருவியான்னு...”

அவன் குரல் மாறிப்போய்க் கேட்டான். “அத்தான், ஒடம்புக்கு நல்லாத்தான இருக்கு? தலைய கிலைய சுத்துதா? தனியாவா இருக்கீங்க? அங்கனயே உக்காருங்க, நான் ஆள அனுப்புறேன்.”

எனக்கு ஒன்றுமில்லை என்று அவனை நம்பவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. நான் படம் பார்க்கப் போனால் அது நோய்க்குறி என்று நினைக்கிற அளவுக்குத்தான் என்னை ஊர் அறிந்து வைத்திருக்கிறது. போனைப் பைக்குள் போட்டேன். ஏழு பேர் சேர இன்னும் ஒரு ஆள் வேண்டும், அந்த ஒரு ஆள் எனக்கு இல்லை.

“இன்னும் பத்து நிமிஷம் பாத்துட்டு ஷோ கேன்சல் சார்,” என்று கவுண்டர்காரர் குரல் கொடுத்தார்.

அப்புறம் நான் செய்ததை என் மனைவி பார்த்திருந்தால் நம்பியிருக்க மாட்டாள். ரோட்டைத் தாண்டி எதிர்ப்புற பஸ் ஸ்டாப்புக்குப் போனேன். அங்கே என்னைவிடக் கொஞ்சம் இளையவர் ஒருவர், அழுக்கேறிய வெள்ளை வேட்டியோடு, வெறும் கையோடு உட்கார்ந்திருந்தார். யாரிடமும் வலியப் போய்ப் பேசாத நான் அவர் முன்னால் நின்று கேட்டேன். “பஸ்ஸுக்கா நிக்கிறீங்க?”

“இல்லீங்க. வயல் மோட்டார்ல காயில் கருகிப் போச்சு. புதுக் கம்பி கட்டுறதுக்குக் குடுத்திருக்கேன். சாயந்தரந்தான் தருவாக. எங்க ஊரு வல்லத்திராக்கோட்டைக்குப் போயிட்டுத் திரும்பி வர அலுப்பா இருக்கு, அதான் இங்கிட்டு உக்காந்திருக்கேன். ஏங்க?”

“படம் பாக்க வாரீங்களா?”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். கை தன்னையறியாமல் இடுப்பில் செருகியிருந்த பையைத் தொட்டுப் பார்த்தது. நியாயம்தான். நடுப்பகலில் முன்பின் தெரியாத ஒருவன் வந்து சினிமாவுக்குக் கூப்பிட்டால் நானாக இருந்தால் போலீசுக்குப் போயிருப்பேன். நான் படபடவென்று விஷயத்தைச் சொன்னேன். ஒரு ஆள் குறைவதையும், இன்றைக்கே கடைசி என்பதையும் சொன்னேன். கடைசியில், சொல்ல நினைக்காததும் வாயிலிருந்து வந்துவிட்டது. “எம் மக பாக்கச் சொன்னா. பாக்காமப் போனா ஞாயித்துக்கெழம அவகிட்டப் பேச எங்கிட்ட ஒண்ணும் இல்ல.”

அவர் எழுந்து வேட்டியை உதறினார். “சண்டப் படமா?”

“சிரிப்புப் படம்.”

“அப்பச் சரி, வாங்க.”

நாங்கள் ரோட்டைத் தாண்டி வருவதைப் பார்த்ததும் ஜவுளிக்கடைப் பெண்கள் கைதட்டினார்கள். என் வாழ்க்கையில் எனக்குக் கைதட்டல் விழுந்தது அன்றைக்குத்தான்.

உள்ளே வரிசை வரிசையாக நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. ஏழு பேருக்கு ஏசி கிடையாதாம், மேலே மின்விசிறி கடகடத்தது. பெண்கள் நடுவில் உட்கார்ந்தார்கள். ஜோடி ஒரு மூலைக்குப் போய்விட்டது. நான் ஒரு ஓரமாக உட்கார்ந்தேன். அவ்வளவு பெரிய இடத்தில் வல்லத்திராக்கோட்டைக்காரர் நேராக வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். கைப்பிடியில் அவர் முழங்கை, அதன்மேல் என் முழங்கை. வேறு நாளாக இருந்தால் எழுந்து தள்ளிப்போயிருப்பேன். அன்று பேசாமல் இருந்தேன்.

படத்தில் பெரிய கதை ஒன்றும் இல்லை. ஊரிலிருந்து பட்டணத்துக்கு வேலைக்குப் போன ஒரு பையன், அவனோடு அறையில் தங்கியிருக்கும் கூட்டாளிகள், வீட்டுக்காரரிடம் சொல்லும் பொய், அந்தப் பொய்யை மறைக்க இன்னொரு பொய். என் பக்கத்துக்காரர் ஆரம்பத்திலிருந்தே சிரித்தார். சிரிக்கும்போதெல்லாம் என் தொடையில் ஒரு தட்டு. எனக்கும் இரண்டு மூன்று இடத்தில் உதடு விரிந்தது. நல்ல இடங்களை மனதில் குறித்துக்கொண்டே வந்தேன். மகளிடம் சொல்ல வேண்டுமே.

இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் அந்தக் காட்சி வந்தது. பையனுக்கு ஊரிலிருந்து அப்பா போன் செய்கிறார். அவன் போனை ஸ்பீக்கரில் போட்டு நடுவில் வைக்கிறான். கூட்டாளிகள் சுற்றி உட்காருகிறார்கள். அப்பா கேட்கும் முன்பே அவர்கள் வாயசைத்துக் காட்டுகிறார்கள். சாப்பிட்டியா? பிறகு அப்பாவின் குரல்: “சாப்பிட்டியா?” என்ன கொழம்பு? “என்ன கொழம்பு?” அங்க மழையா? “அங்க மழையா?” அந்த வரிசைகூட மாறவில்லை. அறையில் எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உருளுகிறார்கள். போனில் அப்பா அது தெரியாமல், “சரிப்பா, வச்சிர்றேன்” என்கிறார்.

தியேட்டரே சிரித்தது. ஏழு பேர்தான், ஆனாலும் தியேட்டரே சிரித்தது. மூலையில் இருந்த ஜோடிகூடச் சிரித்தது. என் பக்கத்துக்காரருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. “அண்ணே, எங்க பெரியண்ணன் அப்புடியே இவருதாண்ணே. மகன் மஸ்கட்ல இருக்கான். போனப் போட்டு மாடு தண்ணி குடிச்சிருச்சுங்கிறத மட்டும் சொல்லிட்டு வச்சிருவாக!”

நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இதைப் பார்க்கவா அவள் என்னைப் போகச் சொன்னாள்? இரண்டு தடவை பார்த்தேன் என்றாளே. அந்த ஊர்த் தியேட்டரில், சிநேகிதிகளுக்கு நடுவில் உட்கார்ந்து, “எங்கப்பா இப்புடித்தான்” என்று தோளில் இடித்துச் சொல்லி, இரண்டு தடவையும் சிரித்திருப்பாள். ஒவ்வொரு ஞாயிறும் நான் கேட்கும் முன்பே வாயசைத்துப் பார்த்திருப்பாளோ? கோபத்தைவிட அவமானம்தான் அதிகமாக இருந்தது. எழுந்து போய்விடலாம் என்று பார்த்தேன். ஆனால் எனக்காக ஒரு மனிதரைப் பஸ் ஸ்டாப்பிலிருந்து கூட்டிவந்து உட்கார வைத்திருக்கிறேன், அவரை விட்டுவிட்டு எப்படிப் போவது?

மீதிப் படம் கண்ணில் ஓடியது, மனதில் ஏறவில்லை. முடிவில் எல்லாரும் ஒரே பாட்டில் சமாதானமாகி, ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். சினிமாக்காரர்களுக்கு என்ன, ஒரு பாட்டுப் போட்டால் போதும்.

வெளியே வந்ததும் வல்லத்திராக்கோட்டைக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டார். “நல்ல படம்ணே. ஒத்தையில பாத்திருந்தா தூங்கிருப்பேன். மோட்டாரு ரெடியாயிருக்கும், வாரேண்ணே.” நான் அவர் பெயரைக் கேட்கலாம் என்று நினைப்பதற்குள் ரோட்டுக் கூட்டத்தில் கலந்துவிட்டார்.

வெள்ளி, சனி இரண்டு நாளும் எனக்குள் அவளோடு சண்டை போட்டேன். பலமாகப் பேசினேன், பெரும்பாலும் நான்தான் ஜெயித்தேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போன் அடித்தபோது ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. வழக்கமாக முதலில் கேட்கும் கேள்வியைக் கேட்கவும் வாய் வரவில்லை. அதையும் அந்தப் படம் பிடுங்கிக்கொண்ட பிறகு எதை வைத்துப் பேச்சை ஆரம்பிப்பது?

“அப்பா? இருக்கீங்களா?”

“இருக்கேன். படம் பாத்தேன்.”

“நெசமாவா! தியேட்டர்லயா? எப்புடிப்பா இருந்துச்சு? சிரிச்சீங்களா?”

“பக்கத்துல ஒருத்தர் சிரிச்சாரு.”

அவள் சிரித்தாள். நான் சேர்ந்து சிரிக்கவில்லை. அடக்கி வைத்திருந்தது பொத்துக்கொண்டு வந்தது. “அந்தப் போன் பேசுற எடத்துல நீ நல்லாச் சிரிச்சியா?”

இணைப்பு போய்விட்டதோ என்று பார்த்தேன். போகவில்லை.

“மொத தடவ என்னால முடியலப்பா,” என்றாள். “எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கு ஒங்க குரல் மாதிரியே கேட்டுச்சு. எந்திரிச்சு வெளியில வந்துட்டேன். மிச்சப் படத்தப் பாக்கத்தான் இன்னொரு தடவ போனேன். அத எப்புடி ஒங்ககிட்டச் சொல்றதுன்னு தெரியல. அதான் நீங்களே பாருங்கன்னு சொன்னேன்.”

வாயில் வந்ததைக் கேட்டேன். “பாதியில எந்திரிச்சு வந்தியே, கூட வந்தவங்க என்ன நெனச்சிருப்பாங்க?”

“யாருப்பா கூட வந்தா?”

“ஒன் சிநேகிதிங்க.”

“அப்புடியெல்லாம் இங்க யாரும் இல்லப்பா. ஆபீஸ் முடிஞ்சா அவங்கவங்க வீட்டுக்குப் போயிருவாங்க. படத்துக்கு நான் ஒத்தையிலதான் போவேன். முன்னாடியெல்லாம் பாத்துட்டு வந்து அம்மாட்டச் சொல்லுவேன்.” அவ்வளவுதான் சொன்னாள். குரல் உடைந்துவிட்டது. என் மகள் அழுவதைப் போனில் நான் கேட்டதே இல்லை. அதெல்லாம் அவள் அம்மாவின் காதுக்குப் போயிருக்கிறது.

சமாதானம் சொல்ல எனக்குத் தெரியாது. அழாதே என்று சொல்ல மனசும் வரவில்லை. அவள் கொஞ்சம் அடங்கியதும், மூக்கை உறிஞ்சிக்கொண்டு, எப்போதும் கேட்பதுபோல, “நீங்க எப்புடிப்பா இருக்கீங்க?” என்று கேட்டாள்.

“எனக்கும் இங்க யாரும் இல்லம்மா,” என்றேன்.